கை இறங்கும் முன்பு

அன்புள்ள அக்கா,

யூடியூப்பில் தற்செயலாக க்ளவுஸ் மாகெலா என்ற பின்லாந்துக்காரர் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துவதைப் பார்த்தேன். 1996-ல் பிறந்தவர். இப்போது ஓஸ்லோவும் பாரிஸும், 2027 முதல் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபௌ, அமெரிக்காவின் சிகாகோ சிம்பொனி இரண்டுக்கும் தலைமையாம். வாசிப்பவர்கள் எல்லாரும் அவரவர் தாளைத்தான் பார்க்கிறார்கள், முன்னால் ஒருவர் நின்று கையாட்டுவது எதற்கு? இந்த வயதில் அவருக்கு அப்படி என்ன தெரிந்திருக்கும்? அழகான முகம், நல்ல விளம்பரம் என்பதைத் தாண்டி ஏதாவது இருக்கிறதா? இந்த இசையை எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் 11 வயது மகள் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஸ்கேலை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று அதே மாதிரி செய்கிறாள். ஒரே சிரிப்பு. இதெல்லாம் நமக்கு எட்டாத வேலை, போய்ப் படி என்று அனுப்பிவிட்டேன்.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள் இல்லாவிட்டால் இதற்கு நான் பதில் எழுதியிருக்க மாட்டேன். பிறகு அந்த வரிகளுக்கு வருகிறேன். வரும்போது கொஞ்சம் திட்டவும் போகிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் அந்தத் தாள். ஒவ்வொருவர் தாளிலும் அவரவர் வாசிக்கவேண்டியது மட்டும்தான் இருக்கும், பக்கத்து நாற்காலிக்காரர் என்ன செய்கிறார் என்பது அதில் இருக்காது. எல்லாருடைய வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய முழு ஏடு நடத்துபவருக்கு முன்னால்தான் இருக்கிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் முதல் சிம்பொனியில் டிராம்போன் என்ற பித்தளைக் குழலை ஊதுகிறவர்கள் மூன்று பேர் முதல் மூன்று பகுதிகள் முழுக்க, ஏறக்குறைய அரை மணி நேரம், ஒரு சுரம்கூட வாசிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள், நான்காம் பகுதியில்தான் அவர்களுக்கு வேலை வருகிறது, அதுவும் மிக மெல்லிய ஒலியில், ஜெபம் மாதிரி, மூன்று பேரும் ஒன்றாக. அதற்குள் வாத்தியம் குளிர்ந்துபோயிருக்கும், உதடு காய்ந்திருக்கும். அந்த இடம் வருவதற்குச் சற்று முன்னால் ஒருவர் அவர்கள் பக்கம் திரும்பி, நானும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன், வாருங்கள் என்று கண்ணாலே சொல்கிறார். அது எவ்வளவு பெரிய உதவி என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அப்புறம் ‘கையாட்டுவது’ என்று எழுத உங்களுக்கு மனம் வராது.

விளம்பரம், அழகான முகம் பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை. நூறு பேர், அதில் பாதிப் பேர் அவரைவிட இருபது முப்பது வயது மூத்தவர்கள், வாழ்நாள் முழுக்க இதையே செய்தவர்கள். முகத்தைப் பார்த்து அவர்கள் அடுத்த ஐந்தாண்டை ஒருவரிடம் ஒப்படைக்க மாட்டார்கள்.

வயது? வில்லெம் மெங்கல்பெர்க் அதே கான்செர்ட்கெபௌவுக்கு 1895-ல் தலைமையேற்றபோது அவருக்கு 24 வயது, அங்கேயே ஐம்பது ஆண்டு இருந்தார். சைமன் ராட்டில் 1980-ல் பர்மிங்ஹாம் ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் தலைமையேற்கப் போனபோது 25. லெனர்ட் பெர்ன்ஸ்டைன் 1943 நவம்பரில், நடத்தவேண்டிய புரூனோ வால்டருக்கு உடம்பு சரியில்லாமல் போன அன்று, ஒத்திகையே இல்லாமல் நியூயார்க் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா முன்னால் ஏறி நின்றபோதும் 25தான். ஆக, ‘இந்த வயதில் என்ன தெரியும்’ என்று கேட்டு ஒரு பயனும் இல்லை. இந்த வயதுக்குள் இவரை இத்தனை முறை முன்னால் நிற்கவிட்டது யார் என்று கேட்டிருந்தீர்கள் என்றால் உங்களைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

வயலின்காரர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஆறு மணி நேரம் சாதகம் செய்யலாம். பியானோக்காரரும் அப்படியே. நடத்துபவரின் வாத்தியம் மனிதர்கள். அவர்கள் எதிரே வந்து உட்கார்ந்தால்தான் அவருக்குப் பயிற்சியே தொடங்கும். ஏட்டை மனப்பாடம் செய்யலாம், கண்ணாடி முன்னால் நிற்கலாம், ஆனால் கை இறங்கியதும் என்ன சத்தம் வரும், வந்தது ஏன் கோணலாக வந்தது என்பதை ஆட்கள் இல்லாமல் கற்றுக்கொள்ளவே முடியாது. ஆட்களோ, கற்றுக்கொண்டு வந்தால்தான் உன் முன்னால் உட்காருவோம் என்பார்கள். இந்தச் சிக்கலை யாராவது பெரியவர் ஒருவர் உடைத்துவிட்டால்தான் உண்டு.

மாகெலாவுக்கு அது நடந்தது. அப்பா செல்லோ கலைஞர், அம்மா பியானோ கலைஞர், அது ஒரு பக்கம் இருக்கட்டும். சின்னப் பையனாக ஹெல்சிங்கியில் பின்லாந்து தேசிய ஓபராவின் குழந்தைகள் பாடகர் குழுவில் ‘கார்மென்’ என்ற ஓபராவில் பாடப் போன இடத்தில்தான் நடத்துபவர்மீது அவருக்குக் கண் விழுந்தது. 12 வயதில் சிபேலியஸ் அகாடமியில் யோர்மா பனுலாவிடம் சேர்ந்தார். பனுலாவின் வகுப்பில் பாடம் என்றால் இதுதான்: மாணவன் உண்மையான வாத்தியக்காரர்கள் முன்னால் போய் நிற்கவேண்டும், அதை வீடியோ எடுப்பார்கள், பிறகு உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். சலோனென், சரஸ்தே, ஒராமோ, வான்ஸ்கா எல்லாரும் அவரிடம் படித்தவர்கள். மொத்தம் சுமார் 55 லட்சம் பேர் இருக்கும் நாட்டிலிருந்து இத்தனை நடத்துநர்கள் உலகமெங்கும் போயிருக்கிறார்கள் என்றால், அந்த மண்ணில் மட்டும் மேதைகள் முளைக்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. அங்கே பிள்ளைகளை நிற்கவிட்டார்கள், அவ்வளவுதான்.

போன டிசம்பரில் எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் கீத ஆராதனை, அதாவது கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனை, வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. முன்னால் நின்று பாடகர் குழுவை நடத்தியது ஒரு கல்லூரிப் பெண். நான் அதை எட்டுத் தடவையாவது பார்த்திருப்பேன். அன்றிலிருந்து மனசில் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் உங்கள் கடிதம் வந்து தட்டிவிட்டது.

எனக்கு அப்போது 15 வயது. திருநெல்வேலிப் பக்கம், நாலு குரல் பாடும் பாடகர் குழு, நான் ஆல்ட்டோ, பெண்களில் தாழ்ந்த குரல். சுரங்களை எழுத்தால் குறித்த சோல்ஃபா தாள்களைக் கார்பன் வைத்துக் கையால் எழுதிப் பிரதி எடுப்பது என் வேலை, அதனால் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் நான்கும் எனக்கு மனப்பாடம். கீத ஆராதனைக்கு இரண்டு சனிக்கிழமை இருக்கும்போது கொயர் மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்து தொண்டை கட்டிக்கொண்டது. மப்ளர் சுற்றிக்கொண்டு வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்தவர், யாரையும் கேட்காமல் என்னைப் பார்த்து, நீ வா, இங்க வந்து நில்லு என்றார்.

போய் நின்றேன். எதிரே முப்பது பேர், பாதி எனக்கு மாமா, சித்தப்பா முறை. கையைத் தூக்கி இறக்கினேன். நாலு பக்கமும் நாலு நேரத்தில் சத்தம் வந்தது, பேஸ் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் அந்தக் கட்டிப்போன குரலில், கையத் தூக்கும்போதே நீ மூச்சு இழு, அவங்களும் இழுப்பாங்க என்றார். மறுபடி தூக்கினேன், மூச்சை இழுத்தேன். முப்பது பேரும் என்னோடு சேர்ந்து மூச்சு இழுத்த சத்தம் கேட்டது. பாட்டு தொடங்குவதற்கு முந்திய அந்தச் சத்தத்தை இன்றைக்கும் என்னால் கேட்க முடியும். கை இறங்கிய இடத்தில் நாலு குரலும் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. பாடியது அவர்கள்தான், என் வாயிலிருந்து ஒரு சுரம்கூட வரவில்லை, ஆனாலும் அவ்வளவு பெரிய ஒலி என் கைக்குள் இருந்தது.

அடுத்த வாரம் கமிட்டியில் ஒரு பெரியவர், பொம்பளப் பிள்ள முன்னால நின்னு நடத்துறது ஆராதனையில சரிப்படாது என்றாராம். நான் ஆல்ட்டோ பெஞ்சுக்குத் திரும்பிவிட்டேன். ஆராதனை அன்று மாஸ்டரே தேறி வந்து நடத்தினார். அந்தப் பெரியவர்மீது எனக்குக் கோபம் அப்போதே போய்விட்டது, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாஸ்டர் ஒரு வார்த்தைகூட எனக்காகப் பேசவில்லை என்பதுதான் ஆறவில்லை. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடத்தைத் தந்தவரும் அவர்தான், அதைத் தொடரவிடாமல் வாய்மூடி இருந்தவரும் அவர்தான். அவரை நான் நேசிக்கிறேன், மன்னிக்கவும் இல்லை.

சரி, இப்போது திட்டு. நமக்கு எட்டாத வேலை என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? ஸுபின் மேத்தா பம்பாய்க்காரர். அப்பா மெஹ்லி மேத்தா அந்த ஊரில் ஒரு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவையே உண்டாக்கியவர், பையன் பதினாறு வயதில் அதன் ஒத்திகையை நடத்தினான். 1954-ல் வியன்னாவுக்குப் போனான், 25 வயதுக்குள் வியன்னா பில்ஹார்மோனிக், பெர்லின் பில்ஹார்மோனிக் இரண்டையும் நடத்திவிட்டான், 26 வயதில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் தலைமை. மேத்தாவின் அப்பா ஆர்க்கெஸ்ட்ரா கொடுத்தார், உங்களால் அது முடியாது, நானும் கேட்கவில்லை. சிரிக்காமல் இருக்க முடியாதா? பெண்பிள்ளை என்பதும் உங்கள் மனசில் ஓரமாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். இருந்தால் சுசன்னா மால்க்கியைத் தேடிப் பாருங்கள். கோத்தன்பர்க் ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் செல்லோ நாற்காலியில் இருந்தவர், அதை விட்டு எழுந்து வந்து, 2016 முதல் 2023 வரை ஹெல்சிங்கி பில்ஹார்மோனிக்கின் தலைமை நடத்துநராக இருந்தார். உங்கள் மகள் நடத்துநராவாள் என்று நான் சொல்லவில்லை. ஆகாமலே போகலாம், நானும் ஆகவில்லை. பதினொரு வயதில் ஒரு பிள்ளை தன்னைவிடப் பெரிய ஒன்றின் முன்னால் நின்று பார்க்கிறது, அதை அப்பா நின்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

மாகெலாவைப் பற்றி எனக்கும் கவலை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சிகாகோவுக்கு மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 14 வாரம், அதில் 4 வாரம் சுற்றுப்பயணம். அதற்கு மேல் ஆம்ஸ்டர்டாம். நடுவில் ஒரு கடல். ராட்டில் பர்மிங்ஹாமில் பதினெட்டு வருஷம் இருந்தார், அந்த ஆட்களின் மூச்சு அவருக்குத் தெரிந்திருக்கும். இவர் எங்கே தங்கி எப்போது தெரிந்துகொள்வார்? 31 வயதில் தொடங்குகிறார், பார்க்கலாம்.

கேட்பதற்கு எங்கே தொடங்கினாலும் ஒன்றுதான். அவர் ஓஸ்லோவோடு பதிவு செய்த, பின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸின் சிம்பொனிகள் 2022-ல் வந்தன, இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள். கடைசிப் பகுதி அழகாக இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் வரும் இருட்டு இன்னும் கொஞ்சம் பயமாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

அதைவிட முக்கியம் இன்று ராத்திரி. நீங்களே போய் அவளைக் கூப்பிடுங்கள், ஸ்கேலை அவள் கையில் கொடுங்கள். நீங்களும் உங்கள் மனைவியும் பாட்டி தாத்தா இருந்தால் அவர்களும் எதிரே வரிசையாக உட்காருங்கள், எல்லாருக்கும் தெரிந்த ஏதாவது ஒரு பாட்டு போதும். அவள் கையைத் தூக்கும்போது நீங்களும் மூச்சை இழுங்கள். கை இறங்கும்வரை ஒருவரும் வாயைத் திறக்கக்கூடாது.

அன்புடன்,
அக்கா