டிரக்குக்கு எந்த டார்க் கன்வெர்ட்டர்? கேள்வி பதில்

அமெரிக்க பிக்கப் டிரக்குகளின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பற்றி வந்த கேள்விகளில், டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) தேர்வு பற்றியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, என்னிடம் 2004 சில்வராடோ இருக்கிறது. 5.3 லிட்டர் எஞ்சின், 4எல்60-இ கியர்பாக்ஸ், 3.73 ஆக்சில், 33 அங்குல டயர். எஞ்சினில் எதையும் மாற்றவில்லை. வார இறுதியில் படகு இழுப்பேன். 2,800 ஸ்டால் கன்வெர்ட்டர் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

வேண்டாம். வண்டியை நகரவிடாமல் பிடித்துக்கொண்டு முழுசாக மிதித்தால் எஞ்சின் எந்த ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வரை ஏறி நிற்கிறதோ, அதுதான் ஸ்டால் வேகம். நீங்கள் சாதாரணமாக ஓட்டும் ஆர்பிஎம் அதற்குக் கீழே இருந்தால், சுமை ஏறும்போதெல்லாம் கன்வெர்ட்டர் வழுக்கும். வழுக்குவது அத்தனையும் ஆயிலில் சூடாக இறங்கும்.

கணக்கு எளிது. மைல் வேகம், ஆக்சில் விகிதம், கியர் விகிதம், 336 ஆகிய நான்கையும் பெருக்கி, அங்குலக் கணக்கில் டயரின் விட்டத்தால் வகுங்கள், ஆர்பிஎம் வரும். மணிக்கு 65 மைல் வேகத்தில் மூன்றாவது கியரில் (விகிதம் 1.00) உங்களுக்கு ஏறக்குறைய 2,470 வருகிறது. ஓவர்டிரைவ், அதாவது நான்காவது கியர், 0.70 என்பதால் அதில் 1,730தான். சமவெளியில், கன்வெர்ட்டர் வழுக்காமல் பூட்டிவைக்கும் லாக்-அப் கிளட்ச் பிடித்திருக்கும்வரை பிரச்சினை தெரியாது. படகோடு மேடு ஏறும்போது லாக்-அப் விடுபட்டு மூன்றாவதுக்கு இறங்கும் பாருங்கள், அங்கேதான் 2,800 ஸ்டால் உங்களைக் கைவிடும். 1,800 முதல் 2,200 வரை போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஆயில் கூலர் போடுங்கள். ஆயில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் கியர்பாக்ஸ் நெடுநாள் உழைக்கும். 120-ஐத் தாண்டினால் ஆயில் வேகமாகக் கெடும், பின்னாலேயே சீல்களும் கிளட்ச் தட்டுகளும் போகும்.

கேள்வி: 2,400 ஸ்டால் என்று சொல்லித்தான் விற்றார்கள். என் டிரக்கில் 2,000-க்கு மேல் ஏறவில்லை. ஏமாற்றிவிட்டார்களா சார்?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்டால் வேகம் கன்வெர்ட்டரை மட்டும் பொறுத்ததல்ல, அதைத் தள்ளும் எஞ்சினின் டார்க்கையும் (சுழற்றும் விசையையும்) பொறுத்தது. டார்க்கின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அது ஏறும், இறங்கும். 400 பவுண்ட்-அடி தரும் எஞ்சினில் 2,400 காட்டும் கன்வெர்ட்டர், 280 தரும் எஞ்சினில் 2,000-தான் காட்டும். அதனால் வாங்கும்போது வண்டியின் எடை, ஆக்சில், டயர், கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டு), இழுக்கும் சுமை எல்லாவற்றையும் தயாரிப்பாளரிடம் சொல்லுங்கள். இதையெல்லாம் கேட்காமல் விற்கிறவரிடம் வாங்காதீர்கள். அப்புறம், ஸ்டால் சோதனை ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம், முன்னால் யாரும் நிற்கவும் கூடாது.

கேள்வி: கன்வெர்ட்டர் 10 அங்குலமா, 12 அங்குலமா?

விட்டம் குறைந்தால் ஸ்டால் ஏறும். அதே ஆர்பிஎம்மில் கன்வெர்ட்டர் தாங்கும் டார்க், விட்டத்தின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்தது. மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் 12 அங்குலம் தாங்குவதில் 40 சதவீதத்தைத்தான் 10 அங்குலம் தாங்கும். ஆனால் உள்ளே இருக்கும் இறகுகளின் கோணமும், ஆயிலைத் திருப்பிவிடும் ஸ்டேட்டரும் மாறினாலும் ஸ்டால் மாறும். அதனால் அங்குலத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம்.

கேள்வி: ராம் 2500, கம்மின்ஸ் 5.9 டீசல். கனமான டிரெய்லர் இழுக்க ஸ்டாலை ஏற்றலாமா?

ஏற்றாதீர்கள். அந்த எஞ்சின் 1,600 ஆர்பிஎம் வாக்கிலேயே உச்ச டார்க்கைக் கொடுத்துவிடுகிறது. பெட்ரோல் எஞ்சினுக்கான கணக்கு இங்கே செல்லாது. ஸ்டால் குறைவாக இருக்கட்டும், லாக்-அப் கிளட்ச் வலுவாக இருக்கட்டும். எஞ்சின் பவரை ஏற்றியிருந்தால் பல தட்டு லாக்-அப் உள்ளதையே தேடுங்கள்.

கேள்வி: பழைய செவி சி10. 350 எஞ்சின், டர்போ 350 கியர்பாக்ஸ், 3.08 ஆக்சில், 28 அங்குல டயர். கொஞ்சம் பெரிய கேம்ஷாஃப்ட் போட்டிருக்கிறேன்.

கேம்ஷாஃப்ட் 2,400-க்கு மேல் ஸ்டால் கேட்கும். ஆனால் 65 மைலில் நீங்கள் ஓடுவதே 2,400-ல்தான். உங்கள் கியர்பாக்ஸில் லாக்-அப்பும் இல்லை என்றால் நெடுஞ்சாலை முழுக்க வழுக்கிக்கொண்டே போவீர்கள். முதலில் ஆக்சிலை 3.73 ஆக்குங்கள், 2,900 வரும். கன்வெர்ட்டரை அதன்பிறகு வாங்கலாம்.

கேள்வி: கியர்பாக்ஸ் எரிந்துபோனது. பழைய கன்வெர்ட்டரையே கழுவிப் போடலாமா?

கூடாது. உள்ளே தங்கிய கிளட்ச் தூளையும் உலோகத் துகளையும் முழுசாகக் கழுவி எடுக்க முடியாது. புது கியர்பாக்ஸையும் அது தின்றுவிடும். கூலரையும் மாற்றுங்கள். புதியதை மாட்டும்போது ஆயில் பம்பில் முழுசாக உட்கார்ந்ததா என்று சுற்றிச் சுற்றித் தள்ளிப் பாருங்கள். கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்த்தபின் ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் (கன்வெர்ட்டரை எஞ்சினோடு இணைக்கும் தட்டு) கன்வெர்ட்டருக்கும் இடையில் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் போல்ட்டை இறுக்கி இழுக்காதீர்கள், பம்ப் உடைந்துவிடும். கழற்றி மறுபடி உட்கார வையுங்கள்.