ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் ஆன் செய்யும் ரிமோட், சில நாள் ரிசீவரை மட்டும் அணைத்துவிடுவது ஏன்?

பல சாதனங்களை இயக்கும் யுனிவர்சல் ரிமோட்டில் ஒரு பொத்தானுக்கு மேக்ரோ (ஒரே அழுத்தலில் பல கட்டளைகளை வரிசையாக அனுப்பும் ஏற்பாடு) எழுதியிருப்பதாகவும், டிவியும் செட் டாப் பாக்ஸும் தவறாமல் ஆன் ஆகும்போது ஏவி ரிசீவர் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) மட்டும் சில நாள்களில் ஆஃப் ஆகிவிடுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். இதே சிக்கலோடு பல மாதங்கள் மல்லுக்கட்டியவன் என்பதால், ரிமோட்டையோ பேட்டரியையோ மாற்றுவதில் பயனில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெரும்பாலான ரிசீவர்களின் ரிமோட்டில் உள்ள பவர் பொத்தான் "ஆன் ஆகு" என்று சொல்வதில்லை. "இப்போது இருக்கும் நிலையை மாற்று" என்றுதான் சொல்கிறது. ரிமோட் கட்டளை அனுப்பும் அகச்சிவப்பு ஒளி ஒருவழிப் பாதை. ரிசீவர் விழித்திருக்கிறதா ஸ்டாண்ட்பையில் இருக்கிறதா என்பதை ரிமோட் அறிய வழியில்லை. முந்தைய இரவு யாரோ பாட்டுக் கேட்டுவிட்டு அணைக்காமல் போயிருந்தால், மறுநாள் உங்கள் மேக்ரோ அதை அணைக்கத்தான் செய்யும்.

என் வீட்டில் அப்படி யாரும் மறக்கவில்லை. ஆனாலும் கோளாறு தொடர்ந்தது. ஒருநாள் டிவியின் ஒலியை முழுவதுமாகக் குறைத்துவிட்டு, அலமாரிக்கு அருகில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். ரிசீவருக்குள் ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒருமுறை "டக்" என்றது. இரண்டு விநாடி கழித்து மறுபடியும் "டக்" என்றது. முதல் ஒலிக்குக் காரணம் ரிமோட் அன்று, டிவி. டிவி விழித்தவுடன் ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாகச் சிஇசி (இணைந்த சாதனங்கள் ஒன்றையொன்று இயக்க உதவும் வசதி) கட்டளை அனுப்பி ரிசீவரை எழுப்பிவிட, அதன் பிறகு வந்து சேர்ந்த என் மேக்ரோவின் பவர் கட்டளை, எழுந்ததை அணைத்துவிட்டிருக்கிறது. மின்வெட்டு முடிந்த நாள்களில் மட்டும் எல்லாம் ஒழுங்காக வேலை செய்த புதிரும் அப்போதுதான் விளங்கியது: அன்றைக்கு டிவி முழுதாக பூட் ஆக நேரம் எடுத்துக்கொள்வதால், மேக்ரோ முந்திக்கொண்டது.

இதற்குத் தீர்வு, நிலையை மாற்றும் கட்டளைக்குப் பதிலாக, ஆன் செய்வதற்கு மட்டுமே உரிய தனிக் கட்டளையை அனுப்புவது. சோனி டிவிகளின் குறியீட்டில் 21 என்பது நிலை மாற்றும் பவர் கட்டளை. 46 ஆன், 47 ஆஃப். 46-ஐப் பத்து முறை அனுப்பினாலும் டிவி ஆன் நிலையிலேயேதான் இருக்கும். பல ரிசீவர்களுக்கும் இத்தகைய தனிக் குறியீடுகள் உண்டு. ஆனால் அவற்றுக்கான பொத்தான் பெட்டியோடு வரும் ரிமோட்டில் பெரும்பாலும் இருக்காது, ஆகவே பழைய ரிமோட்டின் சிக்னலை யுனிவர்சல் ரிமோட்டுக்குக் கற்றுக்கொடுத்து, அதாவது "லேர்ன்" செய்து, இதைப் பெற முடியாது. உங்கள் யுனிவர்சல் ரிமோட்டின் குறியீட்டுத் தொகுப்பில் "பவர் ஆன்" என்று தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ரிசீவர் நிறுவனம் வெளியிட்ட அகச்சிவப்புக் குறியீட்டு அட்டவணை கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

தனிக் குறியீடு கிடைக்காவிட்டாலும் ஒரு குறுக்குவழி உண்டு. சில ரிசீவர்கள், ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது இன்புட் பொத்தானை (எந்தச் சாதனத்தின் ஒலி வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது) அழுத்தினாலே விழித்துக்கொள்ளும், ஏற்கெனவே விழித்திருந்தால் இன்புட்டை மட்டும் மாற்றும். உங்களுடையது அந்த வகையா என்பது அரை நிமிடச் சோதனையில் தெரிந்துவிடும். அந்த வகை என்றால் மேக்ரோவிலிருந்து பவர் கட்டளையையே நீக்கிவிடலாம். நிலையை நினைவில் வைத்துக்கொண்டு ஊகிக்கும் ரிமோட்டுகளும் இருந்தன; 2021-இல் லாஜிடெக் உற்பத்தியை நிறுத்திய ஹார்மனி அப்படிப்பட்டது. ஆனால் ஒரு சாதனம் கட்டளையைத் தவறவிட்டால் ஊகமும் தவறிவிடும் என்பதால், அதிலும் தனிக் குறியீட்டையே நான் விரும்புவேன்.

எஞ்சியவை சில்லறை விஷயங்கள். ஆன் கட்டளைக்கும் அடுத்த கட்டளைக்கும் இடையே ஐந்து விநாடி இடைவெளி விடுங்கள். ரிசீவர் முழுதாக எழும்வரை இன்புட் கட்டளையைக் கண்டுகொள்ளாது. சோனி குறியீட்டை ஒருமுறை மட்டும் அனுப்பினால் சாதனம் ஏற்காமல் போகலாம். குறைந்தது மூன்று முறை திரும்ப அனுப்பும்படி அமையுங்கள். மேக்ரோ முடியும்வரை ரிமோட்டை அலமாரியை நோக்கியே பிடித்திருக்க வேண்டும். என் அப்பா பொத்தானை அழுத்திய கையோடு அதைச் சோபாவில் போட்டுவிடுவார். அவருக்காகவே ரிசீவரின் கட்டளையை மேக்ரோவின் முதல் வரிக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.