ஊர்ச் சராசரியும் அம்மாவின் அளவும்

கேள்வி: செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்ட என் அம்மா, ரத்தம் உறைந்து கட்டியாகாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்காக அடிக்கடி 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் வருகிறோம். எடையைப் பார்த்து ஒரே தடவையில் அளவை முடிவு செய்ய முடியாதா? பக்கத்து வீட்டுக்காரருக்கு அதில் பாதி அளவே போதுமாக இருக்கிறதே, ஏன்?
- ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: அம்மாவை அழைத்துக்கொண்டு மலை இறங்கி ஏறும் சிரமம் புரிகிறது. ஆனால் எடை மட்டும் பார்த்து அளவை முடிவு செய்ய இயலாது. வார்ஃபரின் தேவை ஒருவருக்கொருவர் பத்து மடங்கு வரைகூட வேறுபடும். 2009இல் பன்னாட்டு ஆய்வாளர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் வயது, உயரம், எடை, உடன் உண்ணும் மருந்துகள், இரண்டு மரபணுக்களின் வகை ஆகியவற்றைக் கொண்டு ஒரு கணக்கீட்டு மாதிரியை உருவாக்கினார்கள்; அத்தனையையும் சேர்த்துப் பார்த்தும், வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதியை அதனால் விளக்க முடியவில்லை.

அந்த மீதியைப் பிழை என்று ஒதுக்காமல், ஒவ்வொருவருடைய தனித்தன்மையாகவே கணக்கில் சேர்க்கும் புள்ளியியல் முறை உண்டு. மருந்தியலில் அதற்கு வழிவகுத்தவர்கள் கலிபோர்னியாவின் லூயிஸ் ஷைனரும் ஸ்டூவர்ட் பீலும். ஒருவரிடம் இரண்டு மூன்று அளவீடுகளே இருந்தாலும், பலருடைய அளவீடுகளை ஒன்றுசேர்த்து, பொதுவான சராசரியையும் அதிலிருந்து ஒவ்வொருவரும் விலகி நிற்கும் தூரத்தையும் ஒரே சமயத்தில் மதிப்பிட அது வகை செய்கிறது.

உங்கள் அம்மாவின் முதல் பரிசோதனை முடிவை இம்முறை முழுவதும் நம்பிவிடாது. ஒற்றை எண்ணில் தற்செயலும் கலந்திருக்கும் என்பதால், அதைச் சராசரியின் பக்கமாகச் சற்று இழுத்தே கணக்கிடும். அளவீடுகள் சேரச் சேர அந்த இழுப்புத் தளர்ந்து, அவருடைய சொந்த எண்களே கணக்கை நடத்தும். கணினி இல்லாமலேயே உங்கள் மருத்துவரும் ஏறக்குறைய இப்படித்தான் சிந்திக்கிறார். மாத்திரையின் அளவை மாற்றினால் அதன் முழு விளைவு தெரியச் சில நாட்கள் ஆகும் என்பதால்தான் மீண்டும் வரச் சொல்கிறார்.

ஆகவே, என் பார்வையில், உங்களிடம் உள்ளவற்றில் மிக மதிப்புள்ளது பழைய ஐ.என்.ஆர். எண்களைக் குறித்து வைத்த நோட்டுப் புத்தகமே. ஒவ்வொரு முறையும் அதை எடுத்துச் செல்லுங்கள். கீரை வகைகளில் உள்ள வைட்டமின் கே இம்மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பதால், கீரையைத் திடீரெனக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். புதிய மருந்து எதையும் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள். எண்கள் நிலைப்பட்ட பிறகு பரிசோதனைகளுக்கு இடையிலான நாட்களை அவரே கூட்டித் தருவார். அதுவரை ஒரு பரிசோதனையைக்கூடத் தவறவிட வேண்டாம்.