ஏ.எல்.பி. குறைந்தால் மட்டும் ஏன் யாரும் பதறுவதில்லை?

எலும்பு பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றுகின்றன: ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் 'ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ்' என்ற நொதி, சுருக்கமாக ஏ.எல்.பி.

என் மகனுக்கு 12 வயது. ஏ.எல்.பி. மட்டும் 350 என்று வந்திருக்கிறது. கல்லீரலில் கோளாறா?

பிலிருபின், எஸ்.ஜி.பி.டி. போன்ற மற்ற கல்லீரல் அளவுகள் எல்லாம் சரியாக இருந்தால் பெரும்பாலும் இல்லை. பையன் வளர்கிறான், அவ்வளவுதான். வளரும் எலும்பிலிருந்து இந்த நொதி ரத்தத்தில் கலக்கும். பெரியவர்களின் அளவைப் போல இரண்டு, மூன்று மடங்குகூட இருக்கலாம். சில சீட்டுகளில் குழந்தைக்கும் பெரியவர்களின் அளவையே அச்சடித்துவிடுகிறார்கள். பாதி பீதி அங்கேதான் பிறக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் ஜி.ஜி.டி. என்ற இன்னொரு நொதியைப் பாருங்கள். அது கல்லீரல் கோளாறில் ஏறும், எலும்பு வளர்வதால் ஏறாது.

ஏ.எல்.பி.எல். என்ற மரபணுவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அந்த நொதியைச் செய்வதற்கான குறிப்பு அதில்தான் இருக்கிறது. முதலாம் குரோமோசோமில் உள்ள மரபணு இது. நொதி, எலும்பு கட்டும் செல்களின் மேலுறையில் ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறது. துத்தநாகமும் மக்னீசியமும் இல்லாமல் அதற்கு ஓடாது.

வேலை என்ன? நம் உடம்பில் கால்சியமும் பாஸ்பேட்டும் கண்ட இடத்தில் படிந்துவிடாமல் பைரோபாஸ்பேட் என்ற பொருள் தடுக்கிறது. ஆனால் எலும்பு இறுக வேண்டிய இடத்தில் அந்தத் தடை விலக வேண்டுமே! நொதி பைரோபாஸ்பேட்டை இரண்டு பாஸ்பேட்டுகளாக வெட்டிவிடுகிறது. தடையும் நீங்கியது, கட்டுவதற்குச் செங்கல்லும் கிடைத்தது. 1923-ல் லண்டன் லிஸ்டர் ஆய்வு நிலையத்தில் ராபர்ட் ராபிசன் எலும்பாகும் குருத்தெலும்பில் இந்த நொதியைக் கண்டார். அவர் கண்ணில் பட்டது செங்கல் பகுதி. தடையை நீக்குவதுதான் பெரிய வேலை என்பது பல பத்தாண்டுகள் கழித்தே புரிந்தது.

என் மகளுக்கு 3 வயது. அடிபடாமலேயே இரண்டு பால் பற்கள் வேரோடு விழுந்துவிட்டன. "சீக்கிரம் விழுந்தால் சீக்கிரம் முளைக்கும்" என்கிறார் மாமியார்.

மாமியார் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள். பால் பல் ஆறு வயதையொட்டி விழத் தொடங்கும். அதற்குள் அதன் வேர் கரைந்திருக்கும். ஐந்து வயதுக்கு முன், முழு வேரோடு பல் விழுந்தால் பல்லைத் தாடையோடு பிணைக்கும் படலம் சரியாக உருவாகவில்லையோ என்று பார்க்க வேண்டும். விழுந்த பல்லைத் தூக்கி எறியாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஏ.எல்.பி. எடுத்து, அந்த வயதுக்குரிய அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

இதே மரபணுவில் பிழை இருந்து, எலும்பும் பல்லும் சரியாக இறுகாமல் போகும் நோய்க்கு ஹைப்போபாஸ்பேட்டேசியா என்று பெயர். 1948-ல் கனடாவில் ராத்பன் என்ற குழந்தை மருத்துவர் விவரித்து, பெயரும் வைத்தார். எக்ஸ்ரேயில், வைட்டமின் டி குறைவால் குழந்தைகளின் எலும்பு வலுவிழக்கும் ரிக்கெட்ஸ் போலவே தோன்றலாம். ஆனால் ரிக்கெட்ஸில் ஏ.எல்.பி. ஏறும், இதில் இறங்கும். அதனால் நீங்களாகவே வைட்டமின் டி, கால்சியம் கொடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள். இந்த நோயில் ரத்தக் கால்சியம் ஏற்கெனவே கூடுதலாக இருக்கலாம்.

எனக்கு 45 வயது. மூன்று முறையும் ஏ.எல்.பி. 25-க்குக் கீழ். "குறைந்தால் நல்லதுதான்" என்றார்கள்.

நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏறினால் ஸ்கேன், இறங்கினால் சிரிப்பு என்பது பழக்கதோஷம். ரத்தம் எடுத்த குழாயில், உறையாமல் இருக்கச் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் இருந்தால் அது நொதியின் துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் பிடுங்கிக்கொண்டு எண்ணைப் பொய்யாக இறக்கும். மூன்று முறையும் அப்படி நடந்திருக்காது. துத்தநாகக் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, சத்துக்குறைவு ஆகியவற்றை விலக்கிவிட்டு, ரத்தத்தில் வைட்டமின் பி6-ன் அளவைப் பாருங்கள். நொதி குறைந்தவர்களுக்கு அது தேங்கி ஏறும். பாத எலும்பில் திரும்பத் திரும்ப விரிசல் வந்திருந்தால் மரபணுப் பரிசோதனையும் கேளுங்கள்.

இன்னொன்று முக்கியம். எலும்பு அடர்த்திக் குறைவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மருத்துவர் பிஸ்பாஸ்போனேட் மாத்திரை எழுதுமுன் இந்த எண்ணைக் காட்டுங்கள். அந்த மருந்து பைரோபாஸ்பேட்டின் சாயலில் செய்யப்பட்டது. ஏற்கெனவே தடை கூடிப்போன எலும்புக்கு அது வேண்டாத சுமை.

மாமா மகளைக் கட்டினேன். பிள்ளைகளுக்கு இந்த நோய் வருமா?

உங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையென்றால் பயந்து கிடக்க வேண்டாம். கடுமையான வகை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் மரபணுவின் பிழையான பிரதி வந்தால்தான் வரும். லேசான வகைக்கு ஒன்றே போதும். கனடாவின் மானிடோபா மாகாணத்தில் மெனனைட் என்ற கிறிஸ்தவ சமூகத்தில் 25 பேரில் ஒருவரிடம் அந்தப் பிழையான பிரதி உண்டு. இருபத்தைந்தை இருபத்தைந்தால் பெருக்கி, நான்கால் பெருக்குங்கள்: 2,500 பிறப்புக்கு ஒன்று. அங்கே காண்பதும் அதே அளவுதான். நெருங்கிய உறவில் மணம் முடித்தால் ஒரே பிரதி இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் மட்டும் மரபணு ஆலோசனை பெறுங்கள்.

மருந்து உண்டா? உணவால் நொதியைக் கூட்ட முடியுமா?

அஸ்ஃபோடேஸ் ஆல்ஃபா என்ற ஊசி 2015-ல் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பானில் ஒப்புதல் பெற்றது. எலும்பைத் தேடிப் போய் ஒட்டும்படி செய்த நொதி. வாரத்துக்கு மூன்று அல்லது ஆறு முறை தோலுக்கடியில் போட வேண்டும். விலை மிக மிக அதிகம். உணவு? துத்தநாகக் குறைவால் இறங்கியிருந்தால் பலன் தரும். மரபணுப் பிழைக்கு முருங்கைக்கீரை போதாது.