நசிந்த விரலை வைத்திருப்பதா, எடுத்துவிடுவதா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நெல் ஆலையில் வேலை செய்யும் அவருடைய அண்ணாவின் வலது கை போன கிழமை பெல்ட்டுக்குள் போய்விட்டது. சுட்டுவிரல் நடு மூட்டோடு துண்டாகிவிட்டது, துண்டை ஐஸ் கட்டிக்குள் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்கள், ஆனால் பொருத்த முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். நடுவிரலில் எலும்பு உடைந்து கம்பி போட்டிருக்கிறது, உள்ளங்கைப் பக்கத் தோல் போய், விரலை மடக்குகிற கயிறு மாதிரியான தசைநாண் வெளியே தெரிகிறது. மோதிர விரலில் தையல் மட்டும். வைத்தியர் இரண்டு வழி சொல்கிறார்: நடுவிரலையும் எடுக்கலாம், இல்லையென்றால் கையைத் தொடை மடிப்போடு சேர்த்துத் தைத்து மூன்று கிழமை வைக்கலாம். "கையைத் தொடையோட தைக்கிறதா, இதெல்லாம் உண்மையா? கால்விரலை எடுத்துக் கைக்கு வைக்கலாமாமே, கொழும்புக்குக் கொண்டுபோகட்டா?" என்று கேட்கிறார்.

முதலில், துண்டை ஐஸில் போட்டதால்தான் விரல் போனது என்று வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்லவேண்டாம். நேரடியாக ஐஸ் பட்டால் திசு உறைந்து கெடும், அது உண்மைதான். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீருக்குள் வைத்துக் கொண்டுபோவதே முறை. ஆனால் பெல்ட் விரலை வெட்டுவதில்லை, பிய்த்து இழுக்கிறது, இரத்தக்குழாய் உள்ளுக்குள் நீளத்துக்குக் கிழிந்துவிடும். 1965இல் ஜப்பானில் கோமாட்சு, தமாய் என்ற இரண்டு வைத்தியர்கள் முழுதாகத் துண்டான பெருவிரலை நுண்ணோக்கி வைத்துத் தைத்து உயிர்ப்பித்தார்கள், அதற்குப் பிறகு இது உலகமெங்கும் நடக்கிற சிகிச்சை. என்றாலும் நடு மூட்டளவில் துண்டான ஒற்றைச் சுட்டுவிரலை, பெரியவர்களுக்கு, பெரும்பாலும் பொருத்தப் போவதில்லை. பொருத்தினாலும் அது கட்டையாக நிற்கும், மூளை அதை ஒதுக்கிவிட்டு நடுவிரலையும் பெருவிரலையும் வைத்தே வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அதனால்தான் இப்போது நடுவிரல் முக்கியம். சுட்டுவிரல் இல்லாத கையில் பெருவிரலோடு சேர்ந்து சாவியைத் திருப்பவும் பட்டனைப் போடவும் போகிறது அதுதான். அதுவும் போனால் கை நடுவில் ஒரு இடைவெளி விழும், சோறு பிசைந்து அள்ளும்போது அந்த வழியால் ஒழுகும், சில்லறையும் நிற்காது. இதற்காக எப்படியாவது விரலைக் காப்பாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. உணர்ச்சியே இல்லாத, மடங்காத, தொட்டால் வலிக்கிற விரலை வைத்திருப்பதை விட எடுத்துவிடுவது நல்லது. ஏனென்றால் நடுவிரல், மோதிர விரல், சின்ன விரல் மூன்றையும் மடக்குகிற ஆழமான தசைநாண்கள் ஒரே தசையிலிருந்து வருகின்றன. ஒன்று இறுகிப்போனால் மற்ற இரண்டும், ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் மாதிரி, அதோடு சேர்ந்து நின்றுவிடும், முட்டி பிடிக்க முடியாது.

ஆகவே வைத்தியரிடம் இதைக் கேளுங்கள்: விரல் நுனியில் இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறதா, இரண்டு பக்க நரம்பில் ஒன்றாவது உணர்கிறதா, மூட்டு நொறுங்காமல் இருக்கிறதா, மடக்குகிற தசைநாண் அறுபடாமல் இருக்கிறதா. இவற்றுக்கு ஆம் என்று பதில் வந்தால் நான் வைத்திருக்கும் பக்கம்தான் சாய்வேன். இவற்றில் மூன்றோ நான்கோ ஒன்றாகப் போயிருந்தால் விரலை எடுப்பதே கைக்கு நல்லது. எதுவானாலும் சீக்கிரம் முடிவெடுங்கள், மூடாமல் கிடக்கிற தசைநாண் காய்ந்து செத்துவிடும்.

கையைத் தொடை மடிப்பில் தைப்பது உண்மையான, பழகிய சத்திரசிகிச்சை, 1972இல் மக்கிரெகர், ஜாக்சன் என்ற இருவர் விளக்கமாக எழுதியது. வெறும் தசைநாணுக்கு மேலே மெல்லிய தோல் ஒட்டு பிடிக்காது, சொந்தமாக இரத்தக்குழாய் உள்ள தோலும் கொழுப்பும் வேண்டும். சிறிய காயமென்றால் பக்கத்து விரலின் பின்புறத் தோலைத் திருப்பி ஒட்டி இரண்டு கிழமையில் பிரிக்கலாம், ஆனால் அண்ணாவின் மோதிர விரலே தையல் போட்ட விரல். தொடை மடிப்பில் என்றால், வயிற்றோடு சேரும் அந்த இடத்துத் தோலை ஒரு முனை உடம்போடு ஒட்டியபடியே தூக்கி விரலில் தைப்பார்கள். மூன்று கிழமையில் விரலிலிருந்து புதுக் குழாய்கள் அந்தத் தோலுக்குள் வளர்ந்துவிடும், அதன் பிறகு ஒட்டியிருக்கிற அடியை வெட்டிப் பிரிப்பார்கள். இதற்கு நுண்ணோக்கி தேவையில்லை, அதனால் இதற்காகக் கொழும்புக்கு ஓடவேண்டியதில்லை.

அந்த மூன்று கிழமை கஷ்டம்தான், மறைக்கவில்லை, அதுவும் நம்ம பக்கத்து வெக்கையில். சாரமே வசதி. தோளையும் அசைக்கக்கூடிய மற்ற விரல்களையும் நாளுக்குப் பலதரம் அசைக்கவேண்டும், இல்லாவிட்டால் பிரித்த பிறகு தோளும் பிடித்துக்கொள்ளும். விரல் முதலில் தடிப்பாக, உணர்ச்சியில்லாமல் இருக்கும், பின்னர் கொழுப்பை எடுத்துச் சிறிதாக்குவார்கள். ஆள் கொழுத்தால் விரலும் கொழுக்கும், அது வயிற்றுப் பக்கத்துத் தோல் தானே!

கால்விரல் மாற்றுகிற சிகிச்சையும் உண்டு, ஆனால் பெரும்பாலும் பெருவிரல் போனவர்களுக்குத்தான். கையின் வேலையில் ஏறக்குறைய 40 வீதம் பெருவிரலுடையது, அண்ணாவுக்கு அது முழுதாக இருக்கிறது. இருக்கிற நல்ல காலைக் கெடுக்கவேண்டாம்.

சிகரெட், பீடி, வெற்றிலைக்குப் புகையிலை எல்லாவற்றையும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நிக்கோட்டின் சின்ன இரத்தக்குழாய்களைச் சுருக்கும், தைத்த தோல் கறுத்துப் போக அதுவே காணும்.

அப்புறம் பிசியோதெரபி. இதைத்தான் எல்லாரும் பாதியில் விடுகிறார்கள், வீக்கம் குறைந்ததும் கிளினிக் பக்கமே வருவதில்லை. கம்பியைக் கழற்றிய பிறகு மாதக்கணக்கில் மடக்கி நீட்டவேண்டும். தசைநாண் ஒட்டிக்கொண்டால் சில மாதம் கழித்து அதை விடுவிக்க இன்னொரு ஒபரேசன் தேவைப்படலாம். அறுந்த நரம்பு தைத்திருந்தால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான் வளரும், அதுவரை சூடான கேத்தலைப் பிடித்தாலும் தெரியாது, கவனம். குளிரில் விரல் குத்தும், ஐஸ் அள்ளுகிற வேலைக்கு மாறுவது பற்றி யோசித்தால் இதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆலைக்குத் திரும்பிப் போக முடியுமா என்பது கை பழகிய பிறகு பார்க்கிற விடயம். ஆனால் நட்டஈட்டு வேலையை இப்போதே தொடங்குங்கள். வேலைத்தளத்தில் நடந்த காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே, கிளினிக் புத்தகம் எதையும் தொலைக்கவேண்டாம். முதலாளி ஏதாவது காசு தந்து கையெழுத்துக் கேட்டால், தொழில் திணைக்களத்தில் விசாரிக்காமல் அண்ணா கையெழுத்து வைக்கக்கூடாது.