கால்பந்து பிளாடரில் பஞ்சர்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பந்தில் காற்று நிற்பதில்லை. கோளாறு வால்விலா, உள்ளே காற்று நிற்கும் ரப்பர் பையான பிளாடரிலா என்று தையலைப் பிரிக்காமல் அறிய முடியுமா?

பதில்: முடியும். காற்றை நன்கு அடைத்து, வால்வின் வாயில் சோப்புநீர் ஒரு சொட்டு விடுங்கள். அங்கே நுரை புடைத்தால் வால்வில்தான் கசிவு. ஊசியில் கிளிசரின் தடவி இரண்டு மூன்று முறை செலுத்தி எடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். கிரீஸ் ரப்பரை உப்பி இளகச் செய்யும் என்பதால் அதைத் தடவ வேண்டாம். லேட்டக்ஸ் (இயற்கை ரப்பர்) பிளாடர் ஓட்டை இல்லாமலே சில நாட்களில் இளைக்கும். அது பஞ்சர் அன்று.

கேள்வி: ஓட்டை பிளாடரில்தான். சைக்கிள் டியூபுக்கு ஒட்டுவதுபோல் ஒட்டலாமா?

பதில்: கையால் தைத்த பந்தாக இருந்தால் ஒட்டலாம், வெப்பத்தால் ஒட்டிச் செய்த பந்தைப் பிரித்தால் வீட்டில் மீண்டும் மூட இயலாது. காற்றை முழுவதும் இறக்கி, வால்வை அடுத்த தையலை ஏறத்தாழ 10 செ.மீ. பிரித்து, உறையோடு ஒட்டியுள்ள வால்வின் விளிம்பை மெல்ல விடுவித்து, பிளாடரை மடித்து வெளியே எடுங்கள். சிறிது ஊதி வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம் தெரியும். துடைத்து உலர்த்தி, ஓட்டை நடுவில் அமையுமாறு பேனாவால் வட்டமிட்டு, காற்றை இறக்கி, வட்டத்துக்குள் பளபளப்பு மறைந்து மங்கலாகும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். பழைய டியூபில் மூலையின்றி வட்டமாக வெட்டிய துண்டையும் அவ்வாறே தேய்த்து, இரண்டிலும் பஞ்சர் ஒட்டும் பசையான சொலூஷனை மெல்லியதாகப் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்திருந்து, பிறகே வைத்து அழுத்துங்கள். மறுநாளே ஒட்டு பிய்ந்து வருகிறது என்று சொல்பவர்களில் பலர், சொலூஷன் ஈரமாக இருக்கும்போதே துண்டை வைத்து அழுத்தியவர்கள்தாம்.

கேள்வி: எருக்கம்பால் வைத்தோ, பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றியோ அடைக்கலாமா?

பதில்: இரண்டுமே கூடாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிளாடரின் ரப்பர் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தப்பட்டது. அது உருகி இணையாது, சூடுபட்ட இடம் கெட்டுப் பலவீனமாகும்.

கேள்வி: வீட்டில் நாடா கட்டும் பழைய தோல் பந்து இருக்கிறது.

பதில்: வேலை எளிது. நாடாவை அவிழ்த்தாலே பிளாடர் கைக்கு வந்துவிடும்.

கேள்வி: ஒட்டிய பிறகு எவ்வளவு காற்று அடைக்கலாம்?

பதில்: ஒட்டின் மேல் முகப்பவுடர் தூவி, வால்வை அதன் துளைக்கு நேராக வைத்து ஒட்டி, மெழுகு பூசிய நூலால் இரட்டை ஊசித் தையல் (நூலின் இரு முனையிலும் ஊசி கோத்துத் தைப்பது) போட்டு மூடுங்கள். பாதி காற்றோடு ஓர் இரவு வையுங்கள். ஆட்ட விதி அனுமதிப்பது 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம், அதாவது 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு); ஒட்டுப் போட்ட பந்துக்குக் கீழெல்லையே போதும்.