மழைக்காலக் காய்ச்சலும் தடுப்பூசியும்: எதை எண்ணுவது, எதனால் வகுப்பது

கேள்வி: சென்னையில் 260 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் நலச்சங்கச் செயலாளராக இருக்கிறேன். இங்கே அறுபது வயதைக் கடந்தவர்கள் 140 பேர். சென்ற ஆண்டு அக்டோபர் இறுதியில் ஃப்ளூ தடுப்பூசி முகாம் நடத்தினோம்; 118 பேர் போட்டுக்கொண்டனர். ஆனாலும் நவம்பரில் முதியவர்கள் பலர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். அவர்களில் ஊசி போட்டவர்களே அதிகம் என்று சிலர் வாதிடுகிறார்கள். காய்ச்சல் பரவுவதை முன்கூட்டியே அறிய வழி உண்டா? இந்த ஆண்டும் முகாம் நடத்துவது பயன் தருமா?

பதில்: முகாமை அவசியம் நடத்துங்கள், ஆனால் அக்டோபர் இறுதிவரை காத்திருக்காதீர்கள். இந்தியா முழுவதும் ஃப்ளூ ஒரே மாதத்தில் உச்சம் தொடுவதில்லை. பல நகரங்களின் ஆய்வகத் தரவுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரையிலும், டெல்லி, புணே போன்ற இடங்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும், சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு ஒட்டி அக்டோபர், நவம்பரிலும் தொற்று உச்சத்தை அடைந்தது தெரியவந்தது. ஊசி போட்டபின் போதிய எதிர்ப்பாற்றல் உருவாக ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே அக்டோபர் இறுதியில் போட்டுக்கொண்டவர்களுள் சிலருக்கு, பாதுகாப்பு உருவாகும் முன்னரே கிருமி வந்து சேர்ந்திருக்க இடமுண்டு.

இனி அந்த வாதத்துக்கு வருவோம். கணக்கு புரிவதற்காக ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 140 முதியவர்களில் 100 பேர் ஊசி போட்டார்கள், 40 பேர் போடவில்லை. போட்டவர்களில் 15 பேருக்கும் போடாதவர்களில் 10 பேருக்கும் ஃப்ளூ வந்தது என்று கொள்ளுங்கள். படுத்தவர்களை மட்டும் எண்ணினால் ஊசி போட்டவர்களே அதிகம் என்றுதான் தோன்றும். அவரவர் குழுவின் மொத்தத்தால் வகுத்துப் பார்த்தால் 15 சதவீதத்துக்கு எதிராக 25 சதவீதம், அதாவது நோய் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்திருக்கிறது. சுற்றிவரும் வைரசோடு தடுப்பூசி நன்கு பொருந்தும் ஆண்டுகளில் கிடைக்கும் பாதுகாப்பு பொதுவாக 40 முதல் 60 சதவீதம்தான். அது முழுக் கவசம் அல்ல. ஆயினும் நீரிழிவும் இதய நோயும் உள்ள ஒரு முதியவர் நிமோனியாவோடு மருத்துவமனையில் சேரும் ஆபத்தைக் குறைப்பதால், அதை நான் அற்பமாகக் கருதுவதில்லை.

இதே வகுத்தல்தான் உங்கள் 118 என்ற எண்ணுக்கும் தேவைப்படுகிறது. அந்த 118 பேரில் அறுபதைக் கடந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. முகாம்களுக்கு முதலில் வருபவர்கள் பெரும்பாலும் நடமாட்டமுள்ள நடுவயதினரே. படுக்கையில் இருப்பவர்களும் மூச்சுத்திணறல் உள்ளவர்களும் கீழே இறங்கி வருவதில்லை. 118 பேரில் 35 பேர்தான் முதியவர்கள் என்றால், அவர்களிடையே தடுப்பூசி சென்றடைந்த அளவு 25 சதவீதம் மட்டுமே. முதியவர்களில் 75 சதவீதத்தினரை எட்ட வேண்டும் என்று 2003-இல் உலக சுகாதாரப் பேரவை இலக்கு வைத்தது. நம் நாட்டிலோ, 2017–18-இல் முதியோர் குறித்து நடந்த தேசிய ஆய்வில் 45 வயதைக் கடந்தவர்களில் ஃப்ளூ ஊசி போட்டிருந்தவர்கள் 2 சதவீதம்கூட இல்லை. பெரியவர்கள் இந்த ஊசியைப் பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில் காசு கொடுத்தே போட்டுக்கொள்வதால், குழந்தைகளுக்குப் போடப்படும் ஊசிகளைப் போல முறையான பதிவேட்டில் இது ஏறுவதில்லை. ஆகவே உங்கள் குடியிருப்புக்கு உங்கள் பதிவேடுதான் ஆதாரம்.

பரவலை அறிவதற்கும் நாளிதழில் வரும் ‘இன்று இத்தனை பேருக்குத் தொற்று’ என்ற எண் போதாது. ஒரு வாரம் 100 மாதிரிகளில் 20, மறுவாரம் 400 மாதிரிகளில் 40 என உறுதியானால், எண்ணிக்கை இரட்டிப்பாகத் தெரிந்தாலும் விகிதம் 20-லிருந்து 10 சதவீதமாக இறங்கியிருக்கிறது, கூடியது பரிசோதனையே. 2004 முதல் இயங்கும் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டமும், கிண்டி கிங் நிலையம் போன்ற ஆய்வகங்களும் திரட்டும் தரவுகளில், வெளிநோயாளிகளில் ஃப்ளூ போன்ற காய்ச்சலோடு வந்தவர்களின் பங்கும், பரிசோதித்த மாதிரிகளில் உறுதியானவற்றின் பங்கும் வாரந்தோறும் எந்தத் திசையில் நகர்கின்றன என்பதையே பார்க்க வேண்டும். கடைசி வாரத்தின் எண் எப்போதும் குறைவாகவே காட்டும்; தாமதமாக வரும் அறிக்கைகள் பிறகுதான் சேரும். அதைப் பார்த்து ‘இறங்கிவிட்டது’ என்று முடிவுகட்டுவது, நான் அடிக்கடி காணும் பிழை.

உங்கள் அளவில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையையே எடுத்துக்கொள்ளுங்கள்: 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், கூடவே இருமல், தொடங்கிப் பத்து நாளுக்குள். ஒவ்வொரு ஞாயிறும் எத்தனை வீடுகளைக் கேட்டீர்கள், எத்தனை பேருக்கு இது இருந்தது என்ற இரண்டு எண்களையும் சேர்த்தே எழுதுங்கள். தொடர்ந்து இரண்டு, மூன்று வாரங்கள் விகிதம் ஏறினால் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். இருமலற்ற காய்ச்சலை இதில் சேர்க்காதீர்கள். இதே பருவத்தில் டெங்குவும் வரும், அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். நோயுற்றவர்களின் பெயர்களை வாட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். எண்கள் மட்டும் போதும்.

முகாமைச் செப்டம்பர் முதல் பாதியில் வையுங்கள். அதற்கு முன் முதியவர்கள், கர்ப்பிணிகள், நீரிழிவு அல்லது நுரையீரல் நோய் உள்ளவர்களின் பட்டியலைத் தயாரித்து, அதில் இறங்கி வர இயலாதவர்களின் வீடுகளுக்கு முதல் நாளே செவிலியர் செல்லும்படி ஏற்பாடு செய்யுங்கள். இந்த ஆண்டுக்கென வைரஸ் வகைகளை மாற்றிய புதிய கலவையில் வந்த மருந்துதானா என்று குப்பியின் மேலுறையில் உள்ள ஆண்டைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும் கலவையைப் பரிந்துரைக்கிறது. நான்குக்குப் பதில் மூன்று வகை வைரசுக்கான ஊசியைக் கொடுத்தால் தயங்க வேண்டாம். ஊசியிலிருந்து நீக்கப்பட்ட நான்காவது வைரசான பி யமகாட்டா வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதிசெய்யப்படவில்லை. சென்ற ஆண்டு போட்டவர்களின் பெயர்களையும் அதே பட்டியலில் மறுபடி எழுதுங்கள், ஏனெனில் பாதுகாப்பு மாதங்களில் தேய்வதால் அவர்களுக்கும் இந்த ஆண்டு ஊசி தேவை.